ஏழாவது குண்டு

68 வயதில் ஒருவன் துப்பாக்கித் தோட்டா தயாரிக்கக் கற்றுக்கொண்டேன் என்று சொன்னால், கேட்பவர்கள் சிரிப்பார்கள். அல்லது சற்றே விலகி உட்கார்ந்துகொள்வார்கள். எனக்கு இரண்டும் நேர்ந்தன. கோயமுத்தூர் பந்தயச் சாலையில் என்னுடன் காலையில் உலாவ வரும் நண்பர்களில் ஒருவர், "ஏனுங்க, நூல் நூற்றது போதாதென்று இப்போது குண்டு வார்க்கக் கிளம்பிவிட்டீர்களா?" என்று கேட்டார். அவர் வேடிக்கையாகத்தான் கேட்டார். ஆனால் நூலுக்கும் குண்டுக்கும் உள்ள சம்பந்தத்தை அவருக்கு விளக்கப் போய், நாற்பது வருஷங்களாக நான் யாரிடமும் சொல்லாத ஒரு விஷயத்தையும் சொல்ல நேர்ந்தது. அதையே இங்கு எழுதுகிறேன்.

நேயர்களுக்கு முன்னதாக ஓர் எச்சரிக்கை. நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமமில்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆகையால் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் தராசைத் தேட வேண்டாம். நான் கற்றுக்கொண்டது கடல் கடந்த தேசத்தில். அங்கே அது சட்டத்துக்கு உட்பட்ட பொழுதுபோக்கு.

என் மகளும் மாப்பிள்ளையும் நியூஸிலாந்தின் தென் தீவில், கிறைஸ்ட்சர்ச் நகரத்துக்குச் சற்று வெளியே வசிக்கிறார்கள். 2023-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் நானும் என் மனைவியும் அங்கே போய்ச் சேர்ந்தோம். அந்தத் தீவுகளில் பூர்வீகமாக மான் கிடையாது. 19-ஆம் நூற்றாண்டில் குடியேறிய வெள்ளைக்காரர்கள் வேட்டையாடும் ஆசையினால் தங்கள் ஊர்ச் செம்மான்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து விட்டார்கள். புலியோ செந்நாயோ இல்லாத காட்டில் அவை பெருகின. இளங்கன்றுகளையெல்லாம் மேய்ந்து காட்டை மொட்டையடித்தன. ஆகவே அங்கே மான் வேட்டையாடுவது குற்றமல்ல. உபகாரம் என்றே கருதுகிறார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்தோடு வேட்டைக்குத் தலைமுழுகிவிட்ட நமக்கு இது விசித்திரமாகத் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

மாப்பிள்ளை அந்நாட்டுப் போலீசாரிடம் உரிமம் பெற்று, கையால் தாழ்ப்பாளைத் திறந்து மூடி ஒவ்வொரு தோட்டாவாக ஏற்றும் ரைபிள் ஒன்று வைத்திருக்கிறார். ஒரு நாள் இரவு அவர் கார்க் கொட்டகையில் மேஜைக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். எட்டிப் பார்த்தேன். மேஜைமேல் ஒரு சிறு தராசு. அதன் தட்டில் கறுத்த தினைபோலச் சில மணிகள்.

"என்னங்க மாப்பிள்ளை, என்ன நிறுக்கிறீர்கள்?"

"மருந்துங்க மாமா. வெடிமருந்து. கிரெய்ன் கணக்கிலே நிறுக்கணுமுங்க."

கிரெய்ன் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. பழைய சிநேகிதன் ஒருவனை அயலூர்ச் சந்தையில் திடீரென்று சந்தித்தது போல இருந்தது.

நான் 1978-ஆம் வருஷம் கோயமுத்தூரில் ஒரு பஞ்சாலையின் பரிசோதனைச் சாலையில் வேலைக்கு அமர்ந்தேன். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு எங்கள் ஜில்லாவில் காளான்போல முளைத்த ஆலைகளில் அதுவும் ஒன்று. நூலின் நம்பரைக் கண்டுபிடிப்பதே என் வேலை. ஒன்றரை கெஜம் சுற்றளவுள்ள ராட்டையில் நூலை 80 சுற்றுச் சுற்றினால் 120 கெஜம். அதற்கு ஒரு லீ என்று பெயர். அந்த லீயைத் தராசில் நிறுத்து, வந்த கிரெய்ன் எடையால் 1,000-ஐ வகுத்தால் நூலின் நம்பர் வந்துவிடும். 25 கிரெய்ன் நிறுத்தால் அது 40-ஆம் நம்பர். 12½ கிரெய்ன் நிறுத்தால் 80-ஆம் நம்பர். 7,000 கிரெய்ன் ஒரு பவுண்டு. நம் தட்டார்கள் குன்றிமணியை வைத்துப் பொன் நிறுத்ததுபோல, ஆங்கிலேயர்கள் ஒரு தானிய மணியை வைத்து நிறுக்கத் தொடங்கிய அளவு இது. நூலை விட்டு அந்த அளவு அநேகமாகப் போய்விட்டது. எல்லாம் கிராம் ஆகிவிட்டது. தோட்டாக்காரர்கள் மாத்திரம் அதை இன்னும் விடவில்லை.

மாப்பிள்ளை வைத்திருந்த குண்டு ஒன்றின் எடை 150 கிரெய்ன். எங்கள் 80-ஆம் நம்பர் நூலில் 12 லீ. அதாவது 1,440 கெஜ நூலின் கனம் அந்தச் சிறு குண்டுக்குள் இருந்தது! கணக்குப் போட்டுச் சொன்னேன். மாப்பிள்ளை சிரித்துவிட்டு, "அப்படின்னா நீங்களே நிறுத்துக் குடுங்க மாமா" என்று நாற்காலியை என் பக்கம் தள்ளினார். உரிமம் பெற்றவர் பக்கத்திலேயே இருந்து மேற்பார்வை செய்ய வேண்டும் என்பது அவ்வூர் முறை. ஆகையால் அவர் எழுந்து போகாமல் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

இவ்வாறு நான் மாணாக்கன் ஆனேன்.

தோட்டா என்பது நாலு பொருள்கள் சேர்ந்தது. பித்தளைக் கூடு ஒன்று, அதன் அடியில் தட்டினால் தீப்பொறி கக்கும் கேப்பு ஒன்று, உள்ளே மருந்து, வாயில் குண்டு. சுட்ட பிறகு கூடு மிஞ்சும். அதை எறிந்துவிடாமல் மறுபடியும் நிரப்பலாம். சுடும்போது கூடு உப்பிவிடுகிறபடியால், எண்ணெய் தடவி அச்சுக்குள் அழுத்திப் பழைய உருவத்துக்குக் கொண்டுவர வேண்டும். நீண்டுபோன கழுத்தைச் சமமாகக் கத்தரிக்க வேண்டும். புதுக் கேப்பு வைத்து, மருந்தை நிறுத்துக் கொட்டி, குண்டை ஒரே ஆழத்தில் உட்காரவைத்து, வெர்னியர் அளவுகோலால் மொத்த நீளத்தைப் பார்க்க வேண்டும். கடையில் வாங்கும் தோட்டா எல்லாத் துப்பாக்கிக்கும் பொதுவாகச் செய்தது. கையால் நிரப்புவது இந்தத் துப்பாக்கி ஒன்றுக்கு மட்டும் பொருந்தும்படி செய்வது. ஆயத்தச் சட்டைக்கும் தையற்காரர் அளவெடுத்துத் தைத்த சட்டைக்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்து மணிகளை உற்றுப் பார்த்தபோது இன்னொரு நினைவு வந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குப் போகும் மலை ரயிலில் குன்னூரையும் வெல்லிங்டனையும் தாண்டினால் அரவங்காடு வரும். வெள்ளைக்காரர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே கார்டைட் தொழிற்சாலை ஒன்றை நிறுவினார்கள். 1889-இல் இங்கிலாந்தில் ஏபெல், டீவார் என்ற இரு ரசாயன சாஸ்திரிகள் கண்டுபிடித்த புகையில்லா மருந்துதான் கார்டைட். மாவைப்போலப் பிசைந்து, துளை வழியே அழுத்தி, இழை இழையாக எடுப்பார்கள். கயிறு போலிருப்பதால் அந்தப் பெயர். எங்கள் கொங்கு நாட்டு வீடுகளில் சந்தகை பிழிவதைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. அந்தச் சந்தகையைப் பொடிப்பொடியாகக் கத்தரித்து உலர்த்தினால் எப்படியிருக்குமோ, அப்படியிருந்தது மாப்பிள்ளையின் தராசிலிருந்த மருந்து. ஆனால் இந்தச் சந்தகையில் பிடி அதிகம் போட முடியாது. அந்த ரைபிளின் உள்ளே சதுர அங்குலத்துக்குச் சுமார் 60,000 பவுண்டு அழுத்தம் ஏறுகிறது. மோட்டார் வண்டிச் சக்கரத்தில் இருப்பது 30 பவுண்டுதான். சுடுகிறவனுடைய கன்னம் அந்த அழுத்தத்துக்கு அரை அடி தூரத்தில் இருக்கிறது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று பெரியோர் சொன்னது இந்த மருந்துக்கு அட்சரம் பிசகாமல் பொருந்தும்.

ஆனைக்கட்டி அடிவாரத்தில் எங்கள் பாட்டனாருக்கு ஒரு தோட்டம் இருந்தது. காட்டுப்பன்றியை விரட்ட வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி ஒன்று உரிமத்தோடு வைத்திருந்தார். ஒரு மூங்கில் குழாய்தான் அவருக்கு அளவு. நிறைவுக்குக் கைக்குறிப்பே சாட்சி. கரிமருந்துக்கு அது போதுமானதாயிருந்தது. மாப்பிள்ளையிடம் பாட்டனாரின் பெருமையைச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு தடித்த புத்தகத்தை என்முன் வைத்தார். மருந்து செய்தவர்களே பரிசோதித்து அச்சிட்ட அட்டவணை அது. இன்ன குண்டுக்கு இன்ன மருந்து, குறைந்தபட்சம் இவ்வளவு, இதற்குமேல் கூடாது என்று கண்டிருந்தது. "மாமா, குறைஞ்ச அளவிலே தொடங்கோணுமுங்க. அரை அரை கிரெய்னா ஏத்தோணும். கேப்பு தட்டையாப் போனாலோ, தாழ்ப்பாள் தூக்கக் கனமா இருந்தாலோ, அங்கேயே நிறுத்திப்போடோணுமுங்க" என்றார். மேஜைமேல் ஒரு சமயத்தில் ஒரு மருந்துப் புட்டிதான் இருக்கலாம் என்பது இன்னொரு விதி. கைத்துப்பாக்கி மருந்து வேகமாக எரியும். அதைத் தவறி ரைபிள் கூட்டில் கொட்டினால் துப்பாக்கியே சிதறிவிடும்.

இரண்டாம் நாள் ஒரு சம்பவம். 15 கூடுகளை மரக்கட்டையில் வரிசையாக நிறுத்தி மருந்து கொட்டிக்கொண்டிருந்தேன். மகள், "அப்பா, காபி ஆறுது!" என்று கூப்பிட்டாள். போய்க் குடித்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். எட்டாவது கூட்டில் கொட்டினேனா, கொட்டவில்லையா? சந்தேகம் வந்துவிட்டது. விளக்கைப் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றேன். மாப்பிள்ளை தலையை அசைத்தார். மருந்தில்லாத கூட்டில் கேப்பு மட்டும் வெடித்தால், குண்டு வெளியே போகாமல் குழலின் நடுவில் சிக்கிக்கொள்ளும்; அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும். "பார்த்தாத் தெரியுமுங்க மாமா. ஆனா சந்தேகம் வந்தா எல்லாத்தையும் கொட்டிட்டு முதல்ல இருந்து நிறுக்கிறது நம்ம வழக்கமுங்க" என்றார். எனக்குக் கொஞ்சம் ரோஷம்தான். 35 வருஷம் தராசு பிடித்த கையல்லவா! ஆயினும் ஏழு கூடுகளையும் கவிழ்த்துக் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

ஐந்து விதமான அளவுகளில், ஒவ்வொன்றிலும் மூன்று தோட்டாக்கள் தயாராயின. மறு சனிக்கிழமை சுடும் மைதானத்துக்குப் போனோம். மாப்பிள்ளை மணல்மூட்டையில் துப்பாக்கியைத் தாங்கி, 100 மீட்டர் தூரத்திலுள்ள காகிதத்தைச் சுட்டார். குழல் சூடேறினால் குறி மாறும் என்று ஒவ்வொரு சூட்டுக்கும் இடையில் காத்திருந்தார். காகிதத்தைக் கொண்டுவந்து பார்த்தபோது, நாலாவது அளவின் மூன்று துளைகளும் 18 மில்லிமீட்டருக்குள் அடங்கியிருந்தன. நம் ஐந்து ரூபாய் நாணயத்தால் மூடிவிடலாம்! நான் குழந்தைபோலக் குதித்தேன். அந்தக் காகிதத்தைப் படம் பிடித்துக் கோயமுத்தூருக்கு அனுப்பவும் அனுப்பினேன்.

மாப்பிள்ளை மட்டும் குதிக்கவில்லை. "மூணு குண்டு எதுக்கும் சாட்சி இல்லைங்க மாமா. இதே அளவிலே பத்து பண்ணுங்க" என்றார்.

அதிலுள்ள நியாயம் எனக்குத் தெரியாததல்ல. சில துளைகளே இருந்தால் அவை அதிர்ஷ்டவசமாக நெருங்கி விழக்கூடும். அதே தோட்டாவை பத்து முறை சுட்டால், துளைகளின் பரப்பு மூன்று முறை சுட்டதைவிடச் சராசரியில் ஒன்றரை மடங்குக்கு மேலேயே இருக்கும். தோட்டா கெட்டுப்போனதனால் அல்ல. உண்மை அப்போதுதான் வெளியே வருகிறது.

பத்து தோட்டாக்களையும் நான் எவ்வளவு கவனத்தோடு செய்தேன் என்பதை என்னவென்று சொல்வேன்! தராசின் முள் ஓர் அணுவும் விலகாமல் ஒரே கோட்டில் நிற்கும்வரை ஒவ்வொரு மணியாகச் சேர்த்தேன். மறு வாரம் மைதானத்தில் ஆறு குண்டுகள் அழகாக ஒரே இடத்தில் விழுந்தன. தூரதரிசினியில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு மார்பு விம்மியது. ஏழாவது குண்டு தனியே விலகி, வலப்பக்கம் மேலே போய் விழுந்தது. பிறகு மூன்றும் மறுபடி ஒழுங்காகவே விழுந்தன. ஒன்பது குண்டுகள் 30 மில்லிமீட்டருக்குள். ஏழாவதைச் சேர்த்தால் 46.

"மாப்பிள்ளை, ஏழாவதில் உங்கள் கை அசைந்திருக்கும். அதைத் தள்ளிவிட்டுக் கணக்கெழுதலாம்" என்றேன்.

அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். "அசைஞ்சிருக்கலாமுங்க மாமா. ஆனா மானைச் சுடறப்பவும் இதே கைதானுங்களே? ஏழாவது குண்டு வயித்திலே பட்டா, அந்த மான் ரெண்டு நாள் கிடந்து சாகும். அதுகிட்ட போயி, உன்னைக் கணக்கிலே சேர்க்கலைன்னு சொல்ல முடியுங்களா?"

நான் பதில் சொல்லவில்லை. எனக்கு அந்த மைதானம் மறைந்துவிட்டது. 1980-ஆம் வருஷத்துப் பரிசோதனைச் சாலை கண்முன் வந்து நின்றது.

அன்று 80-ஆம் நம்பர் நூலில் 20 லீ நிறுக்க வேண்டும். 19 லீ பன்னிரண்டரையை ஒட்டியே நின்றன. ஒன்று மட்டும் 14 கிரெய்ன். கணக்குப் போட்டால் 71-ஆம் நம்பருக்குத்தான் வரும். 80-இல் 71 கலந்திருக்கிறது என்றால், எங்கேயோ ஒரு நூற்பு இயந்திரத்தில் தடித்த முன்நூல் தவறி ஏறியிருக்கிறது என்று அர்த்தம். இயந்திரத்தை நிறுத்தித் தேட வேண்டும். நூல் அன்றே சிட்டம் போட்டு அனுப்பப்பட வேண்டியதாயிருந்தது. மேலதிகாரி நின்றபடி காத்திருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானாகத்தான் செய்தேன். அந்த ஒரு லீயைக் குப்பைக் கூடையில் போட்டேன். வேறொரு கண்டிலிருந்து இன்னொரு லீ சுற்றினேன். அது பன்னிரண்டரை நிறுத்தது. 20 லீக்கும் கணக்குச் சரியாயிற்று.

இரண்டு மாதம் கழித்து, நெகமத்திலிருந்து ஒரு நெசவாளி ஆலை வாசலுக்கு வந்தார். நடுத்தர வயது, தோளில் ஒரு துண்டு, கையில் காகிதத்தில் சுற்றிய புடவை. காவற்காரர் அவரை என்னிடம் அனுப்பினார். புடவையை மேஜைமேல் விரித்தார். நல்ல கட்டம் போட்ட நெகமம் புடவை. அதன் நடுவே விரற்கடை அகலத்துக்கு ஊடையில் ஒரு பட்டை தடித்து ஓடியிருந்தது. "நூல் மாறிப்போச்சுங்க தம்பி. நெய்யறப்ப ராத்திரி விளக்கிலே தெரியலீங்க. கூலியைப் புடிச்சுப்போட்டாங்க. உங்க நூல்தானுங்களான்னு பார்த்துச் சொன்னாப் போதுமுங்க" என்றார்.

நான் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிக் காட்டினேன். "பாருங்கள், 20 லீயும் சரியாக இருக்கிறது. எங்கள் நூலில் பிழை இல்லை" என்றேன். அவர் அந்த எண்களைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு புடவையை மடித்து அதே காகிதத்தில் சுற்றிக்கொண்டு, "சரிங்க தம்பி, நீங்க சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வார்த்தை நாற்பது வருஷங்களாக என்னோடு இருந்தது. ஆனால் அதை நான் எடுத்துப் பார்த்ததில்லை. புள்ளிவிவர சாஸ்திரம் படித்தேன். 1956-இல் கோயமுத்தூரில் தொடங்கிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கத்தாரின் வகுப்புகளில் உட்கார்ந்தேன். விலகி நிற்கும் எண்தான் முதலில் விசாரிக்க வேண்டிய எண் என்று பின்னால் வந்த வாலிபர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேன். அப்போதெல்லாம் குப்பைக் கூடையில் போட்ட அந்த 14 கிரெய்ன் நினைவுக்கு வந்ததுண்டு. உடனே வேறு வேலை பார்க்கப் போய்விடுவேன்.

அன்று மாப்பிள்ளை ஏழாவது குண்டையும் சேர்த்து 46 என்றே தம் நோட்டில் எழுதினார். மூன்று குண்டுக் கணக்கை நம்பியிருந்தால் 300 மீட்டரில் துணிந்து சுட்டிருப்பார். பத்துக் குண்டுக் கணக்கைப் பார்த்து, 200 மீட்டருக்குமேல் சுடுவதில்லை என்று வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் மலைக்குப் போனவர் வெறுங்கையோடு திரும்பினார். எதிர்ச்சரிவில் ஒரு பெரிய கலைமான் வெகுநேரம் நின்றதாம். தூரம் 280 மீட்டர். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு எழுந்து வந்துவிட்டாராம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் இல்லை.

ஊருக்குத் திரும்பிய பிறகு ஒரு நாள் பொள்ளாச்சி போய், அங்கிருந்து நெகமத்துக்குப் பஸ் ஏறினேன். இன்னாரைத் தேடி வந்தேன் என்று சொல்வதற்கு என்னிடம் ஒரு பெயர்கூட இல்லை. 1980-இல் வந்தவரின் பெயரை நான் கேட்கவே இல்லை. தறிச் சத்தம் கேட்ட ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன். வயதான அம்மாள் ஒருவர் தண்ணீர் கொடுத்தார். யாரைத் தேடுகிறேன் என்று கேட்டார். புடவை வாங்க வந்தேன் என்றேன். அதுவும் பொய்யல்ல; பேரம் பேசாமல் ஒரு புடவை வாங்கினேன்.

வீட்டில் என் மனைவி அதைப் பிரித்துப் பார்த்து, "நிறம் நன்றாயிருக்கிறது" என்றாள். நான் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, தலைப்பிலிருந்து ஒவ்வொரு சாணாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். "என்ன தேடுகிறீர்கள்?" என்றாள். அன்று அவளிடம் சொன்னேன். மறுநாள் பந்தயச் சாலையில் நண்பரிடமும் சொன்னேன். அவர் இம்முறை சிரிக்கவில்லை.

பத்துத் துளைகளுள்ள அந்தக் காகிதத்தை மாப்பிள்ளையிடம் கேட்டு வாங்கிவந்து என் மேஜைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் ஒன்பதைப் பார்த்து வியக்கிறார்கள். தனியே நிற்கும் ஒன்றைக் காட்டி, இது என்ன என்று கேட்கிறார்கள். "அதுவும் என் கணக்குத்தான்" என்று சொல்லுகிறேன்.